62 துகள்களும் ஒரு வண்டும்

ஆஞ்சிமோர்டெல்லா பர்மிட்டினா. பெயர்தான் நீளம், ஆள் சின்ன வண்டு. வடக்கு மியான்மரின் ஹுகாங் பள்ளத்தாக்கில் கிடைத்த ஆம்பருக்குள் சுமார் 9.9 கோடி வருஷமாக உறைந்து கிடக்கிறது. உடம்பில் 62 மகரந்தத் துகள்கள். 2019 நவம்பரில் பிஎன்ஏஎஸ் இதழில் கட்டுரை வந்ததும், ‘பூக்களில் மகரந்தச் சேர்க்கை நடந்ததற்கு மிகப் பழைய நேரடி ஆதாரம்’ என்று செய்திகள் பறந்தன. நானும் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியவன்தான். மூலக் கட்டுரையைப் படிச்சது அப்புறம்தான்.

கட்டுரை நல்ல கட்டுரை, அதில் சந்தேகமில்லை. துகள் இருக்கு என்பதோடு நிற்கவில்லை. அவை உடல் மயிர்களின் அருகே ஒட்டியிருப்பது, வாய் உறுப்புகளின் அமைப்பு, பூச்சி சுமக்கத் தோதான துகளின் அளவு, எல்லாத்தையும் சேர்த்துத்தான் வாதாடுகிறார்கள். எனக்கு இடிப்பது அந்த ‘நேரடி’ என்ற சொல்.

நெற்றியில் சந்தனத்தோட ஒருத்தர் கல்யாண மண்டபத்திலிருந்து வெளியே வர்றார். உள்ளே போயிருக்கார், அநேகமாக சாப்பிட்டிருக்கார். மொய் வச்சாரா? அதைச் சந்தனம் சொல்லாது. வண்டு பூவுக்குப் போனது, மகரந்தத்தைச் சுமந்தது, இரண்டும் தெரிகிறது. இன்னொரு பூவின் சூலகமுடியில் கொண்டு சேர்த்ததா என்பது ஊகம். வலுவான ஊகம், ஆனாலும் ஊகம்தான். அந்த ஆம்பரில் பூவே கிடையாது.

இதே கேள்வியை ஸ்பெயின் இலைப்பேன்களிடம் கேட்டால் பதில் கொஞ்சம் தேறுகிறது. 2012-இல் விவரிக்கப்பட்டவை, 10.5 முதல் 11 கோடி வருஷப் பழசு. உடம்பு முழுக்க நூற்றுக்கணக்கான துகள்கள். அதைவிட முக்கியம், உடலில் வளையம் வளையமாக அமைந்த விசேஷ மயிர்கள். தின்பதற்கு மட்டும் போன பூச்சிக்கு அந்த ஏற்பாடு எதுக்கு? அவை சுமந்ததும் பூக்கும் தாவரத்தின் மகரந்தம் இல்லை, சைக்கட் அல்லது கிங்கோ வகையினுடையது. ‘பூ வந்தது, பூச்சி தேடி வந்தது’ என்கிற பள்ளிக்கூடக் கதை இங்கேயே ஆட்டம் காணுது.

ரஷ்யாவின் யூரல் பகுதியில் சேகர்டா என்ற இடத்தில் கிடைத்த டில்லியார்டெம்பியா பூச்சிகள் இன்னும் பின்னே, சுமார் 28 கோடி வருஷத்துக்குப் போகின்றன. பூக்களே இல்லாத காலம். 2023-இல் வந்த அந்த ஆய்வில் 425 மாதிரிகளைப் பார்த்து, 6-இல் மட்டும் மகரந்தம் இருந்ததாகச் சொல்கிறார்கள். 6 சின்ன எண்தான். ஆனா வகுக்கும் எண்ணையும் சேர்த்துச் சொன்னதால எனக்கு அந்தக் கட்டுரை மேல மரியாதை. பிழைப்பதிவுகளோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிறவனுக்கு அந்த 425 இல்லாமல் 6-க்கு அர்த்தமே கிடையாது.

ஆஞ்சிமோர்டெல்லா விஷயத்தில் நம்மிடம் இருப்பது ஒரே ஒரு வண்டு. இன்னும் நாலு கிடைச்சா வாதம் உறுதியாகும். ஆனால் அது கிடைக்க வேண்டிய காச்சின் சுரங்கங்கள் 2017-இல் ராணுவத்தின் கைக்குப் போய்விட்டன. அதன் பிறகு வாங்கிய ஆம்பரை வைத்து எழுதும் கட்டுரைகளை ஏற்க வேண்டாம் என்று முதுகெலும்பித் தொல்லுயிரியல் சங்கம் 2020-இல் ஆய்விதழ்களைக் கேட்டுக்கொண்டது. பழைய சேகரிப்புகளில் வேறு வண்டு இருக்கான்னு தேடலாம். இல்லைன்னா ஸ்பெயின் ஆம்பர்தான்.