மேலிருப்பது பின்னதா? கிட் வரையும் கிளைப்படம்

கணிப்பொறி நிரல் ஒன்றைப் பலர் சேர்ந்து எழுதும்போது, யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்பதற்குக் கணக்கு வேண்டும். இக்கணக்கை வைத்திருக்கும் கருவிகளுள் இன்று மிகப் பரவலானது 'கிட்'. லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். ஒவ்வொரு மாற்றமும் இதில் ஒரு பதிவு. தனக்கு முந்திய பதிவு எது என்பதை ஒவ்வொரு பதிவும் தன்னுள் குறித்து வைத்திருக்கிறது. அதைத் தாய்ப்பதிவு என்போம். இருவர் தனித்தனியே வேலை செய்தால் வரலாறு கிளைக்கும். கிளைகளைச் சேர்க்கும்போது இரண்டு தாய்களையுடைய இணைப்புப் பதிவு பிறக்கும்.

எழுத்துகள் மட்டுமே தோன்றும் முனையத் திரையில் இவ்வரலாற்றைப் படமாகக் காண, 'கிட் லாக்' என்ற கட்டளையுடன் 'கிராஃப்' என்பதைச் சேர்க்கிறோம். உடுக்குறி, நிமிர்கோடு, சாய்கோடு ஆகியவற்றைக் கொண்டே படம் வந்துவிடுகிறது:

*   இணைப்பு
|\
| * அளவைத் திருத்தம்
* | வரைபடப் பகுதி
|/
* தொடக்கம்

இந்தச் சிக்கனம் பாராட்டுக்குரியது. சுட்டெலி தேவையில்லை. தொலைவிலுள்ள கணிப்பொறியிலிருந்து மெதுவான இணைப்பிலும் படம் வந்து சேரும். ஆனால் படம் சொல்லாத ஒன்றையும் நாம் அதில் படித்துவிடுகிறோம்.

எங்கள் துறையில் ஒரு மாணவியும் ஒரு மாணவனும் தனி ஊசல் சோதனைக்கு நிரல் எழுதினர். மாணவி ஊசலின் நீளத்தைச் சென்டிமீட்டரிலிருந்து மீட்டருக்கு மாற்றினாள். மாணவன் சென்டிமீட்டர் என்றே எண்ணி வரைபடப் பகுதியை எழுதினான். இணைத்ததும் விடை நூறு மடங்கு பிழையாயிற்று. திரையில் வந்தது மேலே காட்டிய படமே. திருத்தம் மேலே இருந்ததால், அவன் எழுதி முடித்தபின் சொல்லாமல் அளவையை மாற்றிவிட்டாய் என்று மாணவியை வகுப்பிலேயே கடிந்துகொண்டேன். மாலையில் தேதிகளைப் பார்த்தேன். திருத்தம் திங்கட்கிழமை செய்தது; வரைபடப் பகுதி புதன்கிழமை எழுதியது! மறுநாள் அதே வகுப்பில் என் தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

படம் பொய் சொல்லவில்லை. தாய் கீழே, சேய் மேலே என்பதற்கு மட்டுமே அது பொறுப்பேற்கிறது. ஒன்றுக்கொன்று தாயல்லாத இரு பதிவுகளுள் எதை மேலே வைப்பது என்பது கோடுகள் சிக்காதிருக்கச் செய்யும் ஏற்பாடு. சார்பியல் படித்த மாணவர்களுக்கு இது புதிதன்று. ஒன்றிலிருந்து புறப்படும் ஒளி மற்றொன்றை எட்ட முடியாத இரு நிகழ்ச்சிகளுள் எது முந்தியது என்பது நோக்குவோரைப் பொறுத்தது அல்லவா? செய்தி பரிமாறிக்கொள்ளும் கணிப்பொறிகளுக்கிடையிலும் முன்பின் உறவு இத்தகையதே என்று லெஸ்லி லாம்போர்ட் 1978இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்.

நேராக இறங்கும் ஒரு நிரையை ஒரே கிளை என்று கொள்வதும் தவறு. எந்தக் கிளையில் பிறந்தது என்பதைப் பதிவு தன்னுள் குறித்துக்கொள்வதில்லை. கோடுகள் தோன்றி மறைய, நிரைகளும் இடம் மாறுகின்றன. தாய்கள் பெருகினாலோ படமே சிதைந்துவிடும். லினக்ஸ் நிரலில் 2014இல் 66 தாய்களையுடைய இணைப்பு ஒன்று நிகழ்ந்தது. கோட்டுக்கு இரண்டு இடம் என்றாலும் 132 இடம் வேண்டும். பழைய முனையத் திரையின் அகலமோ 80 எழுத்து.

'டேட்-ஆர்டர்' என்பதையும் சேர்த்தால், தாய்-சேய் முறை கெடாமல் பதிவுகள் தேதிப்படி அமையும். கோடுகள் கூடுதலாகப் பின்னிக்கொள்ளும். அவரவர் கணிப்பொறிக் கடிகாரத்தையும் நம்பியாக வேண்டும். இருந்தாலும் மாணவர்க்கு இதையே முதலில் காட்டுவேன். வழக்கமான வரிசை காலவரிசையன்று என்பது கையேட்டில் இருக்கத்தான் செய்கிறது. திரையில் அதற்கு ஓர் அடையாளமும் இல்லை.