பதறும் மெய்

பொய் கண்டறியும் கருவி என்று நாம் சொல்லும் பாலிகிராஃப் பொய்யைக் கண்டறிவதில்லை. மூச்சு, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, விரல் நுனி வியர்வை ஆகியவற்றை அது பதிகிறது, அவ்வளவுதான். அந்தக் கோடுகளுக்குப் பொருள் சொல்பவர் ஒரு மனிதர். ஆகவே இது ஒரு வாசிப்பு முறை. இலக்கியம் கற்பிக்கும் நான் இதை விமர்சிக்கலாம்.

'அந்தப் பணத்தை எடுத்தாயா?' என்பதோடு, 'நம்பியவரை எப்போதாவது ஏமாற்றியதுண்டா?' போன்ற ஒப்பீட்டுக் கேள்விகளும் கேட்கப்படும். குற்றமற்றவர் இரண்டாவதற்கே அதிகம் பதறுவார் என்பது கணக்கு. அப்படியானால் ஒப்பீட்டுக் கேள்வி வரும்போது நாக்கைக் கடித்தோ, மனதுக்குள் கடினமான கணக்குப் போட்டோ பதற்றத்தைக் கூட்டிவிடலாமே என்பதுதான் எதிர் உத்தி. அமெரிக்காவில் இதைக் கற்றுக்கொடுத்த ஒருவருக்கு 2015இல் இரண்டாண்டுச் சிறை கிடைத்தது. உத்திகளைப் பிடித்துவிடுவோம் என்று சோதகர்களும், முடியாது என்று எதிர்த்தரப்பும் வாதாடுகிறார்கள்.

இரு தரப்பும் ஒன்றை மட்டும் கேட்பதில்லை. உத்தி எதுவும் பழகாத உடம்பு யாருக்கு இருக்கிறது? நாக்கைக் கடித்துக்கொள்வதும், மூச்சை அடக்குவதும், முகத்தை மாற்றாமல் நிற்பதும் நமக்கு வீட்டிலேயே கற்பிக்கப்பட்டவை. மாறாக, சிஐஏவுக்குள் இருந்தபடியே சோவியத்துக்கு உளவு சொன்ன ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986இலும் 1991இலும் இந்தச் சோதனையில் தேறினார்.

அதே நாட்டில், வன்புணர்வுப் புகார் கொடுக்க வந்த பெண்களையே காவல்துறை இந்த நாற்காலியில் உட்காரவைத்தது. நடந்ததைக் கேட்கும்போது அவள் உடல் நடுங்கத்தான் செய்யும். அந்த நடுக்கம் அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடும். பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுப் புதுப்பிப்புதான் இதற்குக் கடிவாளம் போட்டது: பாலிகிராஃபை விசாரணைக்கு நிபந்தனையாக்கும் மாநிலங்களுக்கு அதன்கீழ் நிதி கிடையாது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு காரணங்கள் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இறை என்றால் அரசன், அதிகாரம். உடம்பில் தெரிவது ஒரே நடுக்கம். எதைக் கண்டு என்பதைச் சூழலிலிருந்துதான் அறிய வேண்டும். கருவியோ எதிரே உட்கார்ந்திருக்கும் 'இறை'யைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. (இரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யை அளக்க முனைந்த வில்லியம் மார்ஸ்டன்தான் 1941இல் வொண்டர் வுமனைப் படைத்தார். அவள் கயிற்றில் சிக்கியவர் சொன்னபடி கேட்டாக வேண்டும்! அதைப் பெண் விடுதலைக் கதையாகப் படித்துவிட்டு மேலே போய்விடுகிறோம்.)

இந்தியாவில், செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் சம்மதமின்றி யாரையும் இச்சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்றது. நல்ல தீர்ப்பு. சம்மதத்தை மாஜிஸ்திரேட் முன்னால் பதிய வேண்டும், வழக்கறிஞரை அணுக வழி இருக்க வேண்டும். ஆனால் "தப்பு பண்ணலைன்னா எதுக்கும்மா பயப்படுறே?" என்ற கேள்வி அதற்கு முன்பே, காவல் நிலையத்தில், வழக்கறிஞர் யாரும் வந்து சேராத நேரத்தில் கேட்கப்பட்டுவிடுகிறது.