ஓர் எழுத்தும் பன்னிரண்டு வாசிப்பும்

பாஷை கற்றுக் கொடுக்கும் புஸ்தகங்களை யாரும் விமரிசனம் செய்வதில்லை. நாவல் வந்தால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறோம். நாவல் மோசமாக இருந்தாலும் வாசகனுக்கு நஷ்டம் இரண்டு மாலைப் பொழுதுதான். பாடப் புஸ்தகம் மோசமாக இருந்தால் ஒருவனுடைய பிழைப்பே கெட்டுவிடும்.

எங்கள் கீரனூரில், எதிர் வீட்டுப் பையன் ஜப்பானிய பாஷை படிக்கிறான். 2019 ஏப்ரலில் ஜப்பான் அரசாங்கம் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக ஒரு புதிய விசா முறையைக் கொண்டு வந்தது. வயோதிகர்களைப் பராமரிக்கும் வேலையும் அதில் உண்டு. ஐந்து படிகள் கொண்ட பாஷைப் பரீட்சையில் கீழிருந்து இரண்டாவது படியையோ, அதற்குச் சமமான வேறு பரீட்சையையோ தாண்டினால்தான் போக முடியும். பையனின் அப்பா மானாவாரி நிலத்தை அடமானம் வைத்துச் சம்பளம் கட்டியிருக்கிறார். ஆகவே அவன் கையிலிருக்கும் புஸ்தகம் நல்லதா கெட்டதா என்று கேட்பது வெறும் இலக்கிய சர்ச்சை அல்ல.

அதை வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு ஓர் எழுத்து. நான் நின்று பார்த்த பக்கத்தில் ஐந்தே கோடுகளால் ஆன ஓர் எழுத்து இருந்தது. மண்ணைப் பிளந்துகொண்டு முளை கிளம்பும் சித்திரத்திலிருந்து வந்தது அது. ஜப்பானில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் கற்கும் 80 எழுத்துக்களில் ஒன்று. எந்தக் கோட்டை முதலில் இழுப்பது, எதைக் கடைசியில் இழுப்பது என்பதைப் புஸ்தகம் அழகாகக் காட்டுகிறது. அந்த மட்டில் பாராட்டத்தான் வேண்டும்.

கோளாறு அதற்குக் கீழே ஆரம்பிக்கிறது. 2010-இல் திருத்தப்பட்ட 2,136 எழுத்துக்கள் கொண்ட அரசாங்கப் பட்டியலில் இந்த எழுத்துக்குப் பன்னிரண்டு வாசிப்புகள் உண்டு. புஸ்தகம் பன்னிரண்டையும் மேலிருந்து கீழாக அடுக்கி, எதிரே வாழ், பிற, பெறு, முளை, பச்சை, சுத்தம் என்று அர்த்தம் போட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் போய்விடுகிறது. பையன் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறான். ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் விழிக்கிறான். விழிக்காமல் என்ன செய்வான்?

ஓர் எழுத்துக்கு எதற்கு இத்தனை வாசிப்பு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சீனாவிலிருந்து எழுத்து வந்தபோது சீன உச்சரிப்பும் கூட வந்தது. அதுவும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு வழிகளில் வந்தது. அதனால்தான் 'ஸெய்' என்றும் ஒரு வாசிப்பு, 'ஷோ' என்றும் ஒரு வாசிப்பு. சொந்தச் சொற்களையும் அதே எழுத்தின் மேல் ஏற்றி வைத்தார்கள். தமிழனுக்கு இதை விளக்க ஒரு நிமிஷம் போதும். கல்யாணப் பத்திரிகையில் ௵ என்று ஒரு குறி போடுகிறோமே, அதை வருஷம் என்றும் வாசிக்கலாம், ஆண்டு என்றும் வாசிக்கலாம். ஒன்று வந்த சொல், மற்றொன்று இருந்த சொல், குறி ஒன்றுதான். பழைய நிலப் பத்திரங்களில் 'வ' என்ற எழுத்து அளவைக் குறிக்க வந்தால் அதைக் கால் என்று வாசிக்க வேண்டும். வெறும் எழுத்தாக வாசித்தவனுக்குக் கால் பங்கு போயிற்று. ஜப்பானிய முறை நமக்கு அப்படியொன்றும் அந்நியமல்ல.

எந்த வாசிப்பை எங்கே போடுவது என்பதற்கும் அடையாளம் உண்டு. எழுத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜப்பானிய அசைகளைப் பார்க்க வேண்டும். 'கிரு' என்று வால் இருந்தால் 'இகிரு', வாழ்வது. 'மரெரு' என்று வால் இருந்தால் 'உமரெரு', பிறப்பது. வால் இல்லாமல் மற்றோர் எழுத்துடன் கை கோத்து நின்றால் பெரும்பாலும் சீன உச்சரிப்பு. முன்னே பிறந்தவர் 'ஸென்ஸெய்', அதாவது ஆசிரியர். கற்கிறவன் 'ககுஸெய்', அதாவது மாணவன். குருவுக்கும் சிஷ்யனுக்கும் வாலில் ஒரே எழுத்து! இதைச் சொல்லியிருந்தால் பையன் ஜன்மத்துக்கும் மறப்பானா?

அர்த்தங்களை அடுக்கியது இன்னும் பெரிய குற்றம். வாழ்வதற்கும் பச்சையாக இருப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அவன் என்னைக் கேட்டான். நம் 'பச்சை'யை நினைத்துப் பார் என்றேன். பச்சைக் காய் வேகாதது. பச்சைத் தண்ணீர் காய்ச்சாதது. பச்சைக் குழந்தை இப்போதுதான் பிறந்தது. பச்சைப் புண் இன்னும் ஆறாதது. காமராஜரைப் பச்சைத் தமிழர் என்று பெரியார் சொன்னபோது கலப்பில்லாதவர் என்று பொருள். காய்ச்சாத தண்ணீருக்கும், ஆறாத காயத்துக்கும், கலப்பில்லாத சரக்குக்கும் ஜப்பானியர்களும் இந்த ஒரே எழுத்தைத்தான் போடுகிறார்கள். ஆறு அர்த்தங்கள் அல்ல, ஒரே முளையின் ஆறு கிளைகள்.

உடனே ஜப்பானிய பாஷையும் தமிழும் அக்கா தங்கை என்று கொடி பிடிக்க வேண்டாம். ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் அந்தக் கட்சியை வெகு காலம் வாதாடினார்; மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உறவு இல்லாமலே ஒற்றுமை இருக்கலாம். முளை விடுவதையும் குழந்தை பிறப்பதையும் எல்லா ஊர் மனிதர்களும்தான் பார்க்கிறார்கள். ஒற்றுமைக்கு எல்லையும் உண்டு. பச்சைப் பொய்க்கு அங்கே இந்த எழுத்து உதவாது. பச்சை நிறத்துக்கு வேறு எழுத்து. எது பொருந்தும், எது பொருந்தாது என்று சொல்வதுதான் ஆசிரியர் வேலை.

வயோதிகர் விடுதியில் ஒருவருக்குப் பச்சையான பண்டம் எதுவும் தரக் கூடாது என்று சீட்டு எழுதி வைத்திருப்பார்கள். அங்கே அந்த எழுத்தை 'நமா' என்று வாசிக்க வேண்டும். பன்னிரண்டையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பவனிடம் எந்தக் கிழவரையும் ஒப்படைக்க முடியாது.

அகராதிக்கு அடுக்கும் உரிமை உண்டு. தெரிந்தவன் சந்தேகம் வந்தபோது புரட்டுவதற்காக ஏற்பட்டது அது. தெரியாதவனுக்கு எழுதும் புஸ்தகம் அகராதியைப் பிய்த்துக் கொடுத்தால் போதாது. ஒரு எழுத்துக்குப் பத்து வாக்கியம் எழுத ஆசிரியர் உட்கார வேண்டும். அந்த உழைப்பை மிச்சம் பிடித்துக்கொண்டு, பாரத்தை முழுக்கப் பையன் தலையில் இறக்கி வைத்திருக்கிறது இந்தப் புஸ்தகம். விலை என்னவோ முந்நூறு ரூபாய்தான். மீதியை நிலம் கொடுக்கிறது.