அலாவுதீனைச் சொன்னவர் யார்?

சிகாகோவில் ஒரு பழைய தாள் இருக்கிறது. எகிப்திலிருந்து போனது. அதன் ஓரங்களில் அகமது இப்னு மஹ்ஃபூஸ் என்பவர் சாட்சிப் பத்திர வாசகங்களை எழுதிப் பழகியிருக்கிறார். ஆண்டு ஹிஜ்ரி 266, அதாவது கி.பி. 879. அந்தக் கிறுக்கல்களைவிடப் பழைய எழுத்தும் அதே தாளில் உண்டு. 'ஆயிரம் இரவுகள்' என்னும் தலைப்பு. 'நீ தூங்கவில்லையென்றால், சொல்வதாகச் சொன்ன கதையைச் சொல்' என்று கதைசொல்லி ஷீராஸாத்திடம் தீனாஸாத் கேட்கும் தொடக்கம். 1949இல் ஆய்வாளர் நபியா அபட் இதைப் பதிப்பித்தார். 'ஆயிரத்தொரு இரவுகள்' நூலுக்கு நமக்குக் கிடைத்த மிகப் பழைய சான்று இந்தத் தாள்தான்.

நூலின் வேர் ஒன்றல்ல. பத்தாம் நூற்றாண்டில் அரபு எழுத்தாளர்கள் மஸ்ஊதியும் இப்னு நதீமும் 'ஹஸார் அஃப்ஸான்' என்ற பாரசீக நூலே இதற்கு மூலம் என்றார்கள். கதைக்குள் கதை வைக்கும் கட்டுமானம் அதற்கும் முன்பே நம் பஞ்சதந்திரத்தில் உண்டு. அந்நூல் பாரசீகம் வழியாக எட்டாம் நூற்றாண்டில் 'கலீலா வ திம்னா'வாக அரபியில் நுழைந்தது. பாரசீகச் சட்டகத்துக்குள் பாக்தாத் தன் கலீஃபா ஹாரூன் அல் ரஷீதைக் கொண்டுவந்தது. கெய்ரோ தன் வணிகர்களையும் எத்தர்களையும் சேர்த்தது. தலைப்பில் ஆயிரம், ஆயிரத்தொன்றான செய்தி பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கெய்ரோ புத்தக வியாபாரி ஒருவரின் கணக்குக் குறிப்பில் இருக்கிறது.

ஐரோப்பாவுக்கு இதைக் கொண்டுசென்றவர் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் காலான். 1704 முதல் 1717 வரை அவர் மொழிபெயர்ப்பின் பன்னிரண்டு தொகுதிகள் வெளிவந்தன. அவர் கையிலிருந்த சிரியச் சுவடியில் முந்நூறு இரவுகள்கூட இல்லை. மேலும் கதை தேடிக்கொண்டிருந்தபோது, 1709இல் பாரிஸுக்கு வந்திருந்த அலெப்போ இளைஞர் ஹன்னா தியாப் அவரிடம் வாய்மொழியாகக் கதைகள் சொன்னார். அலாவுதீனும் அலிபாபாவும் அப்படி வந்தவர்களே. காலானுக்கு முந்தைய எந்த அரபுச் சுவடியிலும் அவர்கள் இல்லை. காலானின் நாட்குறிப்பில் தியாபின் பெயர் இருக்கிறது. அச்சான நூலில் இல்லை. அரசு நூலகத்தில் வேலை கிடைக்கும் என்று நம்பி வந்த தியாப், அது கிடைக்காமல் ஊர் திரும்பினார். முதுமையில் அவர் எழுதிய பயணக் குறிப்பு வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதை எழுதியவர் அவரே என்று 1990களில்தான் அடையாளம் கண்டார்கள்.

பிறகு கல்கத்தாவிலும் கெய்ரோவின் புலாக்கிலும் அரபு மூலம் அச்சேறியது. லேனும் பர்ட்டனும் ஆங்கிலத்தில் தந்தார்கள். அர்ஜென்டின எழுத்தாளர் போர்ஹெஸ் இதைப் பற்றி வாழ்நாளெல்லாம் பேசினார். எகிப்திய எழுத்தாளர் நகீப் மஹ்ஃபூஸ் இதைத் தொடர்ந்து ஒரு நாவலே எழுதினார். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் வந்தது. அதன் கதையும் தியாபின் வாயிலிருந்து புறப்பட்டதுதான்.

கலப்பில்லாத மூலத்தைத் தேடுவது இந்த நூலுக்குப் பொருந்தாது. சேர்த்தவர்கள் எல்லோருமே இதன் ஆசிரியர்கள். அவர்களில் பெயர் தெரிந்தவர் மிகச் சிலர். அடுத்த முறை அலாவுதீன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அலெப்போவின் ஹன்னா தியாப் சொன்ன கதை என்று தொடங்குங்கள்.