லிராவும் மைக்செட்டும்: அதிகாரத்தின் அன்றாடப் பேச்சை வாசித்தல்

1

அதிகாரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நம்ம ஆட்களுக்கு உடனே ஒரு மேடை வேண்டியிருக்கிறது. நடுவில் சிம்மாசனம். பக்கத்தில் காதோடு காதாக ஓதும் மந்திரி. பின்னால் கறுப்புத் திரை. ராஜபார்ட் மீசையை முறுக்கினால் ஏதோ சதி நடக்கப் போகிறது என்று அர்த்தம். கூத்திலும் ஸ்பெஷல் நாடகத்திலும் இது ஒரு கலை மரபு. அதைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அதே காட்சி சினிமாவுக்குப் போய், அங்கிருந்து அரசியல் நாவலுக்கு வந்து, கடைசியில் நாம் அச்சடிக்கிற துண்டறிக்கை வரைக்கும் புகுந்துவிட்டது. குற்றம் நடக்கிற அறை ஒன்று, ஆட்சி நடக்கிற அறை வேறொன்று என்று நம்பிக்கொண்டு முதல் அறையின் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறோம்.

அப்படி ஒரு தனி அறை கிடையாது என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. ஆட்சி நடக்கிற அதே மேசையில், பெரும்பாலும் அதே நடையில்தான் குற்றமும் பேசப்படுகிறது. ஆகவே அதிகாரத்தை விமர்சிக்கிறவர்கள் இரகசியத்தைத் தேடி அலைவதைவிட, கண்முன் கிடக்கிற அலுவலக மொழியை வாசிக்கப் பழக வேண்டும். இதற்கு இரண்டு பிரதிகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, அமெரிக்க ஜனாதிபதியின் அறையில் பதிவான ஒலிநாடா. இன்னொன்று, நம் நாட்டு விசாரணைக் கமிஷன் அறிக்கை.

2

1972 ஜூன் 17 அதிகாலையில், வாஷிங்டன் வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சித் தலைமையகத்துக்குள் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். ஆறு நாள் கழித்து, ஜூன் 23 காலை, ஜனாதிபதி ரிச்சர்ட் நிக்சனும் அவருடைய தலைமை உதவியாளர் ஹெச். ஆர். ஹால்டிமனும் வழக்கம்போல அன்றைய வேலைகளைப் பேசுகிறார்கள். ஹால்டிமன் விளம்பரக் கம்பெனியில் இருந்து வந்தவர். எந்த விஷயத்தை எத்தனை வார்த்தையில் மேலே கொண்டுபோக வேண்டும் என்பது அவருக்குக் கைவந்த கலை. அறையில் 1971 பிப்ரவரியிலிருந்து ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது.

ஹால்டிமன் சொல்கிற விதத்தைக் கவனிக்க வேண்டும். 'குற்றத்தை மறைப்போம்' என்று அவர் பேச்சைத் தொடங்கவில்லை. எஃப்.பி.ஐ. கட்டுக்குள் இல்லை, பணம் வந்த வழியை வங்கி மூலம் பிடித்துவிட்டார்கள், விசாரணை நமக்கு வேண்டாத திசையில் போகிறது. சி.ஐ.ஏ. துணைத் தலைவரை விட்டு எஃப்.பி.ஐ. பொறுப்புத் தலைவரிடம் 'இதில் இறங்காதீர்கள்' என்று சொல்ல வைக்கலாம் என்பது மிட்செல், டீன் ஆகியோரின் யோசனை. யோசித்தவர்கள் வேறு, சொல்லப் போகிறவர் வேறு, கேட்டு நடக்கப் போகிறவர் வேறு. நடுவில் உட்கார்ந்திருப்பவர் 'சரி' என்றால் போதும். அவர் சரி என்கிறார். பழைய கியூபாப் படையெடுப்பு விவகாரத்தைச் சாக்காகச் சொல்லலாம் என்று அடியெடுத்தும் கொடுக்கிறார்.

பேச்சு நகர்கிறது. பிரிட்டன் பவுண்டின் நிலையான மதிப்பைக் கைவிட்டிருந்த நேரம். ஹால்டிமன் அதைச் சொல்கிறார், ஜனாதிபதிக்கு அக்கறையில்லை. இத்தாலிய லிராவை வைத்துச் சூதாட்டம் நடக்குமோ என்ற கவலையைச் சொன்னதும், லிரா எக்கேடு கெட்டால் என்ன என்று ஒரு கெட்ட வார்த்தையோடு தள்ளிவிடுகிறார். அதே நாளில்தான் நிக்சன் கல்விச் சட்டத் திருத்தங்களில் கையெழுத்திட்டார். அரசு நிதி பெறும் கல்வித் திட்டங்களில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடை செய்த ஒன்பதாம் பகுதி அதில்தான் இருக்கிறது. எத்தனையோ பெண்களின் படிப்புக்கு வழிவிட்ட நாளும், விசாரணையைத் திசைதிருப்பச் சொன்ன நாளும் ஒன்று.

1974 ஏப்ரலில் வெள்ளை மாளிகை வேறு பல உரையாடல்களை அச்சில் வெளியிட்டபோது வசைச் சொற்களை எடுத்துவிட்டு, அந்தந்த இடத்தில் 'வசை நீக்கப்பட்டது' என்று போட்டிருந்தார்கள். ஒரு நாட்டின் தலைவர் இப்படியா பேசுவார் என்று அங்கே பலர் அதிர்ந்தார்கள். அதிர வேண்டிய இடம் அதுவல்ல. ஜூன் 23 நாடாவில், குற்றத்திலிருந்து நாணயத்துக்குப் போகும்போது பேச்சின் நடை மாறுவதே இல்லை. பயங்கரம் அங்கே இருக்கிறது.

இந்த இடத்தில் ஹன்னா ஆரெண்டின் பெயரைச் சொல்லி முடித்துவிடுவது சிறுபத்திரிகை வழக்கம். ஐக்மன் விசாரணை பற்றி 1963இல் அவர் எழுதியது, சிந்திக்கத் தவறிய ஒரு குமாஸ்தாவைப் பற்றி. அது இங்கே ஒட்டாது. நிக்சனும் ஹால்டிமனும் நன்றாகவே சிந்திக்கிறார்கள். இங்கே சாதாரணமாக இருப்பது மனிதர்கள் அல்ல, நிகழ்ச்சி நிரல். நிரலில் ஒரு இடம் கிடைத்துவிட்டால் குற்றமும் அலுவலாகிவிடுகிறது.

3

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்தார். நிரூபணமான குற்றங்கள் என்ன? அரசுப் பணியில் இருந்த யஷ்பால் கபூரைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தியது. உத்தரப் பிரதேச அதிகாரிகளை வைத்து மேடை கட்டியது, ஒலிபெருக்கிக்கு மின்சாரம் ஏற்பாடு செய்தது. அதாவது மேடை, மைக்செட், கரண்டு. 'இதுக்கா ஒரு பிரதமர் பதவி?' என்று அன்றைக்கும் கேட்டார்கள், இன்றைக்கும் கேட்கிறார்கள். ஆனால் அதிகாரம் தன்னை மீறிக்கொள்வது முதலில் இப்படிச் சின்ன வேலைகளில்தான். கலெக்டர் பந்தல் போடுவது யாருக்கும் மீறலாகப் படாமல் இருப்பதில்தான் அது நிற்கிறது.

ஜூன் 24இல் உச்ச நீதிமன்றத்தின் விடுமுறைக் கால நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் நிபந்தனையோடு தடை கொடுத்தார். பிரதமராக நீடிக்கலாம், நாடாளுமன்றத்தில் வாக்களிக்க முடியாது. அடுத்த நாள் மாலை, ஆலோசகராக வந்த வங்காள முதல்வர் சித்தார்த்த சங்கர் ராய் அரசியல் சட்டத்தின் 352ஆம் பிரிவை எடுத்துக் கொடுத்தார். இருவரும் ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமதைப் பார்க்கப் போனார்கள். அமைச்சரவையைக் கேட்காமல் எப்படி? அதற்கும் அலுவல் விதிகளில் ஒரு விதி இருந்தது: அவசரமானால் பிரதமர் முடிவெடுத்துவிட்டுப் பிறகு அமைச்சரவையில் வைக்கலாம். அன்றிரவு ஜனாதிபதியின் செயலாளர் சட்டச் சிக்கலை எடுத்துச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பிரதமரின் உதவியாளர் ஆர். கே. தவான் கொண்டுவந்த வரைவில் கையெழுத்தாகிவிட்டது. கையெழுத்திட்ட ஜனாதிபதி அமைதி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு படுக்கப் போனதாக அந்தச் செயலாளர் பின்னாளில் ஷா கமிஷனில் சாட்சி சொன்னார். தில்லியின் பத்திரிகை அச்சகங்களுக்குக் கரண்டு நின்றது. காலை 6 மணிக்கு அமைச்சரவை கூடியது. ஸ்வரண் சிங் மட்டும் கேள்வி கேட்டார்.

கருப்பு அங்கியும் குத்துவாளும் எங்கே? ஒரு விதி, ஒரு கடிதம், ஒரு வரைவு, ஒரு மாத்திரை. அபு ஆபிரகாம் இதைச் சரியாக வாசித்தார். 1975 டிசம்பரில் வந்த அவருடைய கார்ட்டூனில் ஜனாதிபதி குளியல் தொட்டியில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை வெளியே நீட்டுகிறார். கேலி என்று சிரித்துவிட்டுப் போகிறோம். எனக்கு அது ஒரு இலக்கிய விமர்சனமாகவே படுகிறது. குளியலையும் கையெழுத்தையும் ஒரே சட்டகத்துக்குள் வைத்ததுதான் அதன் கண்டுபிடிப்பு.

4

நல்ல அமைச்சன் பக்கத்தில் இருந்தால் இது நடக்காது என்பது நம்முடைய பழைய ஆறுதல். குறள் மன்னனுக்கு இடித்துரைப்பவர் வேண்டும் என்கிறது. மேலே சொன்ன இரவில் இடித்துரைத்தவர்கள் இருந்தார்கள். ஒரு செயலாளர் சொன்னார், ஒரு அமைச்சர் கேட்டார். இடித்துரையும் நடைமுறையின் ஒரு கட்டமாகிப் பதிவாகி, கோப்பு மேலே போய்விட்டது. அறத்தை ஒரு நல்ல மனிதரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பதே இதில் பாடம்.

சிலப்பதிகாரம் இதைவிடத் தெளிவாகப் பார்த்திருக்கிறது. கண்ணகி வழக்குரைக்கும் காட்சியையே நாம் திரும்பத் திரும்பப் பேசுகிறோம். கொலைக்களக் காதையைப் பொறுமையாக வாசிப்பவர் குறைவு. பாண்டியன் சபையில் இல்லை; ஊடிப் போன தேவியைச் சமாதானப்படுத்த அந்தப்புரம் போய்க்கொண்டிருக்கிறான். வழியில் பொற்கொல்லன் குறுக்கிட, நடந்தபடியே ஒரு ஆணை. விசாரணை இல்லை, சபை இல்லை. ஆணை காவலர் கைக்குப் போகிறது. அவர்களுக்குள் தயக்கம் வருகிறது. ஆளைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லை. உடனே பொற்கொல்லன் களவு நூல் சொல்வதை எடுத்து விளக்குகிறான். இவன்தான் நம் பிரதியின் ஆலோசகன், நிபுணன். அவன் விளக்கிய பிறகும் பேச்சு நீள்கிறது. கடைசியில் படிப்பறிவில்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசுகிறான். அந்தக் கொலையை யார் செய்தது? அரசன், 'நான் ஒரு சொல்தான் சொன்னேன்' என்பான். நிபுணன், 'நூலைச் சொன்னேன்' என்பான். காவலன், 'ஆணை' என்பான்.

தமிழ் எம்.ஏ. படித்த எங்களுக்கு இந்த இடத்தில் ஒரு கருவி கையிலேயே இருக்கிறது. நாங்கள்தான் அதைப் பரீட்சையோடு விட்டுவிட்டோம். ஒரு தொழில் நடக்க எட்டு வேண்டும் என்று தொல்காப்பியம் கணக்கிடுகிறது: வினை, செய்பவன், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, யாருக்காக, என்ன பயனுக்காக. அலுவலக மொழி முதலில் தின்பது செய்பவனைத்தான். 'நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது', 'ஒப்புதல் அளிக்கப்படுகிறது', 'மேலிட உத்தரவுப்படி'. இந்தச் செயப்பாட்டு வினைக்குள் எட்டில் எத்தனை காணாமல் போகிறது என்று எண்ணிப் பார்ப்பதே ஒரு அரசியல் வாசிப்பு. கட்டுடைப்புக்குத் தெரிதா வீட்டு வாசலிலேயே நிற்க வேண்டியதில்லை.

5

1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டுத் தமிழ்நாட்டில் ஜனாதிபதி ஆட்சி வந்தது. 'ஜனாதிபதி ஆட்சி' என்ற சொல்லை யோசியுங்கள். ஜனாதிபதி சென்னைக்கு வருவதில்லை. ஆளுநர் இருப்பார், அவருக்கு ஆலோசகர்கள் என்று அதிகாரிகள் வருவார்கள், பஸ் ஓடும், ரேஷன் கிடைக்கும். அதே நாட்களில் சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகள் அடிக்கப்பட்டார்கள். முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். சிறைக் கொடுமைகளை நீதிபதி இஸ்மாயில் கமிஷன் பிறகு விசாரித்தது. 'அப்பெல்லாம் ரயில் டயத்துக்கு வந்துச்சு' என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ரயிலும் லத்தியும் ஒரே நிர்வாகத்தின் நிகழ்ச்சி நிரலில் இருந்தன என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

அன்றாட மொழி அதிகாரத்துக்கு மட்டும் சொந்தமில்லை. 1976 பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். கைதானவர்களின் பெயரைத் தணிக்கை விடாது. அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று மாவட்ட வாரியாக ஒரு பட்டியல் முரசொலியில் வந்தது. வெறும் நிகழ்ச்சிக் குறிப்புதான். படித்தவர்களுக்கு அது கைதிகளின் பட்டியல். கட்சிக்காரர்கள் இதைச் சாமர்த்தியம் என்று மெச்சுவார்கள். எனக்கு அது பதில் வாசிப்பு. ஆட்சி எந்த மொழிக்குள் ஒளிந்ததோ அதே மொழிக்குள் போய் எழுதியது.

கொல்லிமலையில், இந்தச் செம்மேட்டில், 'பிரசிடெண்ட்' என்றால் வாஷிங்டனும் இல்லை, தில்லியும் இல்லை, ஊராட்சித் தலைவர். மலையின் ஊராட்சிகளுக்கு வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு என்று இன்றும் நாடு என்றே பெயர். ஒரே அம்பில் யானையில் தொடங்கி உடும்பு வரை துளைத்தான் என்று பாடப்பட்ட வல்வில் ஓரிக்கு இங்கே சிலை இருக்கிறது. ஆனால் ஊர் நடப்பது வில்லால் அல்ல, காசோலையால். தமிழ்நாடு ஊராட்சிச் சட்டப்படி அதில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்துக்குமுன் எழுதப்படுவதெல்லாம் எழுத்தர் மேசையில். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் 2019 டிசம்பர்த் தேர்தல் வரை பிரசிடெண்டே இல்லை. தனி அலுவலர் கையெழுத்திட்டார். 2025 ஜனவரியில் நாமக்கல் உள்ளிட்ட பல மாவட்டங்களில் மறுபடி பதவிக்காலம் முடிந்து மறுபடி தனி அலுவலர். தெருவிளக்கு எரிந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. அதனாலேயே எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. நம்முடைய இலக்கியத்தில் இந்த இல்லாமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிவந்து மலையைப் பற்றி எழுதுகிறவர்கள் தேனும் மூலிகையும் அருவியும் எழுதுகிறார்கள். மலைக்காரர்களுக்கும் கோப்புகள் உண்டு என்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை.

6

நிக்சனை வீழ்த்தியது அவரே பதிவுசெய்த நாடா. 1974 ஜூலை 24இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஆணையிட்டது. ஆகஸ்ட் 5இல் ஜூன் 23 உரையாடல் வெளியானது. ஆகஸ்ட் 9இல் பதவி போனது. செப்டம்பரில் ஃபோர்டு அவருக்கு மன்னிப்பு வழங்கினார். சிறைக்குப் போனவர் ஆலோசகர் ஹால்டிமன். நம்மிடம் நாடா இல்லை. 1977இல் அமைக்கப்பட்ட ஷா கமிஷன் முன் இந்திரா காந்தி சாட்சி சொல்ல மறுத்தார். 1978இல் வந்த அறிக்கைகள், 1980இல் அவர் மறுபடி ஆட்சிக்கு வந்தபின் கிடைக்காமல் போயின. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் இரா. செழியன் தன்னிடம் இருந்த பிரதியைக் கொண்டு 2010இல் அவற்றை மறுபடி அச்சிட்டார். தமிழ் நாவலுக்கும் கவிதைக்கும் எத்தனை கருத்தரங்கு நடத்தியிருக்கிறோம். இந்தப் பதிப்பை ஒரு பிரதியாக வைத்து எத்தனை கூட்டம் பேசினோம்?

சதியைத் தேடுகிறவர்களுக்கு இது சலிப்பான வேலைதான். கிராம சபைத் தீர்மானத்தின் நகலை 2005ஆம் ஆண்டுத் தகவல் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். வாங்கி, அந்த எட்டுக் கேள்விகளை வைத்து வரிவரியாக வாசிக்க வேண்டும். வாசித்ததைச் சிறுபத்திரிகையில் எழுத வேண்டும். ஒரு நகலைப் பத்திரமாக வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.