முக்கோணத்தின் சாய்வு: 'நெஞ்சில் ஓர் ஆலய'த்தில் தேவிகா

ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) முக்கோணக் காதற் படங்களுள் கட்டுக்கோப்பு மிக்கதெனப் போற்றப்படுவது. புற்றுநோயாளியான கணவனுடன், முன்னாட் காதலன் முரளி வைத்தியராயிருக்கும் வைத்தியசாலைக்கே சீதை வந்து சேர்கிறாள். அக்கணவனைப் பிழைக்கவைப்பது முரளியின் கடன். தான் இறப்பின் சீதை முரளியை மணக்கவேண்டுமென்பது கணவனின் விருப்பம். கல்யாண்குமாரும் முத்துராமனும் இவ்வாறு தியாகத்துக்குத் தியாகமாக எதிரெதிரே நிறுத்தப்படுகின்றனர். இத்தராசைச் சாய்த்துவிடுவது தேவிகாவின் நடிப்பே என்பது எமது கருத்து.

கணவனின் வேண்டுகோளுக்குச் சீதை பாடலால் விடையிறுக்கும் காட்சியை நோக்குவோம். வின்சென்டின் கமரா நோயாளியின் கட்டிலைச் சூழ்ந்து நகர்கிறது. கதையின்படி அது பதிவிரதையொருத்தியின் புலம்பல். தேவிகாவின் முகத்திலோ அழுகைக்கு முன்னர் அவமானமே தோன்றுகிறது. தன் எதிர்காலத்தைத் தன்னைக் கேளாமலே கணவன் தீர்த்துவிட்டான் என்ற உணர்வு அது. அக்கணத்திலிருந்து கணவனின் பெருந்தன்மை எமக்குச் சற்றுக் கூசுகிறது. (மறுஆண்டு ஸ்ரீதரே இந்தியில் எடுத்த 'தில் ஏக் மந்திர்' படத்தில் இக்கூச்சம் எழுவதில்லை. மீனா குமாரியின் சோகம் யாரையும் குற்றஞ்சாட்டாதது. கணவனாக நடித்த ராஜ்குமாருக்கே சிறந்த துணைநடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருதும் கிட்டியது.)

புத்தளக் கரையோரத்துக் கரைத்தீவில் முஸ்லிம் பெண்கள் சிலருடன் இப்படத்தை மீண்டும் பார்த்தோம். விதவை மறுமணம் அவர்களுக்கு அதிர்ச்சியளிக்கவில்லை. இத்தா முடிந்தபின் மணப்பது அவர்கள் அறிந்ததே. தமிழ்நாட்டு விமர்சகர் பலர் 'துணிவு' எனக் கொண்டாடிய இடம் இங்கு துணிவாகவே படவில்லை. மூதாட்டி ஒருவர் கேட்டது வேறு: "அவள்ட்ட ஒருத்தரும் கேக்கல்லியே?" 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணப்பெண்ணின் கையொப்பத்தை வேண்டாது இயற்றப்பட்டதென்பதை அறிந்தோர்க்கு இக்கேள்வியின் கனம் விளங்கும். கற்பு, தியாகம் என்னும் சொற்களால் நாம் நெடுங்காலம் பேசிவந்த படத்தை அவர் சம்மதம் என்ற ஒன்றினால் அளந்தார்.

இக்கேள்விக்கு ஸ்ரீதரிடம் விடையில்லை. அறுவைச் சிகிச்சை வெற்றிபெறுகிறது; முரளி இறக்கிறான். குலைந்த சமநிலையை மீட்க ஒரு மரணம் தேவைப்பட்டது என்றே கொள்ளவேண்டியுள்ளது. இறுதிக் காட்சிகள் முரளியின் நினைவுக்கே உரியன. சீதை அங்கு நின்று கண்ணீர் சிந்துபவள் மாத்திரமே.