மடித்த மாவுக்குள் எவ்வளவு காய்?

நெய்வேலி டவுன்ஷிப்பில் மாலைப் பலகாரம் என்றால் பல வீடுகளில் இன்றும் பேக்கரி பப்ஸ்தான். ஓடிஜி அடுப்பு வைத்திருக்கும் சில வீடுகளில் மட்டும் அதன் இடத்துக்குக் காய்கறி கால்சோன் வருகிறது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துப் பண்டம் இது. பீட்சா மாவை வட்டமாகத் தேய்த்து, ஒரு பாதியில் பூரணம் வைத்து, மறுபாதியை மேலே மடித்து, ஓரத்தை அழுத்திச் சுடுவார்கள். சோமாஸ் செய்து பழகிய கைக்கு இந்த மடிப்பு புதிதல்ல. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்தே பல மாநிலத்தாரும் பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் ஊர் இது. அடுத்த வீட்டுச் சமையல் நம் அடுப்புக்கு வருவதில் இங்கே யாருக்கும் தயக்கம் இருந்ததில்லை.

எண்ணெயில் பொரிக்கவில்லை, கோதுமை மாவு, உள்ளே காய்கறி, ஆகவே உடம்புக்கு நல்லது என்று நம்பித்தான் இதைச் செய்கிறோம். அந்த நம்பிக்கையைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வழக்கமான அளவில் ஒரு கால்சோனுக்கு 100 கிராம் மாவு போகிறது. அதில் 320 கலோரி. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி என்றால் 120. மொசரெல்லா சீஸ் 40 கிராம் போட்டால் இன்னொரு 120. காய்கறி? வதக்கிய குடைமிளகாய், கேரட், பீன்ஸ் எல்லாம் சேர்ந்து 80 கிராம், ஏறத்தாழ 30 கலோரி. மொத்தத்தில் காயின் பங்கு இருபதில் ஒன்று. எடையிலும், தண்ணீர் விட்டுப் பிசைந்த மாவில் ஏறத்தாழப் பாதிதான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கலோரி உண்பவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம் என்று இருக்கிறது. இந்தக் கால்சோன் ஒன்றே தானியக் கணக்கில் ஐந்தில் இரண்டைத் தின்றுவிடுகிறது. காய்க் கணக்கில் ஐந்தில் ஒன்றைத்தான் தருகிறது. சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் இருப்பதாக 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்ன நாட்டில், இது சின்ன விஷயமில்லை.

மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு போட்டால் கலோரி அதிகம் குறையாது. நார்ச்சத்துதான் கூடும்: 100 கிராம் மைதாவில் 3 கிராமுக்கும் குறைவு, கோதுமை மாவில் 11 கிராம். இந்த லாபம் பெரிது. ஆனால் முழுக்கக் கோதுமை மாவில் செய்தால், தவிடு பசைத்தன்மையை அறுப்பதால் மாவு உப்பாமல் கட்டையாகிவிடுகிறது. வேலைக்குப் போய்த் திரும்பி இரவு சாப்பிடுகிறவருக்கு அது ஆறிய ரொட்டி போல் விறைத்துக் கிடக்கும். பாதிக்குப் பாதி கலந்து, தண்ணீர் சற்றுக் கூட்டி, அரைமணி நேரம் ஊறவிட்டுப் பிசைவதே சரி. மே மாத வெயிலில் ஈஸ்ட் மிக வேகமாகப் பொங்கும். அளவைப் பாதியாக்கி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தால் மாவுக்கு ருசியும் சேரும்.

காயைக் கூட்ட நினைக்கிறவர்கள் தோற்கும் இடம் ஒன்று உண்டு: ஈரம். கீரையிலும் முட்டைகோஸிலும் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மூடிய மாவுக்குள் அந்த நீராவிக்குப் போக வழியில்லை. மேலே பொன்னிறமாகத் தெரியும் கால்சோனைப் பிளந்தால், அடிப்பக்க மாவு பூரணத்தோடு ஒட்டி வெந்தும் வேகாமலும் பிசுபிசுவென்று இருக்கும். அதற்குப் பயந்துதான் பலர் காயைக் குறைத்துச் சீஸைக் கூட்டுகிறார்கள். காயைக் குறைக்கத் தேவையில்லை. பொரியலுக்கு வதக்குவதைவிட இன்னும் சற்று நேரம், மூடி போடாமல், வாணலியின் அடி உலர்ந்து சத்தம் மாறும்வரை வதக்கி, முழுக்க ஆறவிட்டு வைக்க வேண்டும். மேலே இரண்டு கீறல் போட்டு, முன்பே 250 டிகிரியில் சூடேறிய தட்டின் மேல் வைத்தால் அடி முறுகிவிடும்.

பூரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் முருங்கை நிற்கிறது. கோடை தொடங்கும்போது பண்ருட்டிப் பக்கத்துப் பலாப்பிஞ்சு கிடைக்கும். வேகவைத்துப் பிழிந்து மிளகு, சோம்பு போட்டு வதக்கினால் கறிபோல் நார் நாராக நிற்கும், ஈரமும் விடாது. ஜுக்கினிக்கும் புரோக்கோலிக்கும் காசு செலவழிப்பது எனக்கு ஏற்புடையதல்ல. சீஸுக்குப் பதில் பண்ருட்டி முந்திரியை அரைத்துப் போடுவதையும் பார்க்கிறேன். உப்பும் நிறைவுற்ற கொழுப்பும் குறைகின்றன என்பது உண்மை. கலோரி குறைவதில்லை, எடைக்கு எடை சீஸைவிடக் கூடுதலே. பாசிப்பயறு சுண்டல் ஒரு கைப்பிடி சேர்ப்பது அதைவிட நல்ல யோசனை. புரதம் கிடைக்கிறது, ஈரத்தையும் அது இழுத்துக்கொள்கிறது.

ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு இதன் பயன் கண்கூடு. குழம்பு சிந்தாது, ஒரு கையில் பிடித்துத் தின்னலாம். ஆனால் சீஸும் காயும் கலந்த பண்டத்தை இந்த ஊர் வெக்கையில் எட்டு மணி நேரம் பைக்குள் வைத்திருப்பது ஆபத்து. ஷிப்ட் தொடங்கியதும் சீக்கிரமே சாப்பிட்டுவிட வேண்டும்.

பிள்ளைகளுக்குத் தெரியாமல் காயைத் திணிக்கும் வழியாக இதைப் பலர் பாராட்டுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. மாவுக்குள் ஒளித்துக் கொடுத்தால் பிள்ளை மாவுக்குத்தான் பழகும். பீர்க்கங்காயைத் தட்டில் பார்த்துச் சாப்பிடப் பழகாது.

ஆகவே எதற்கு மாற்றாக இதைச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தே இதன் நன்மை. பேக்கரி பப்ஸில் மைதாவின் ஒவ்வொரு மடிப்பிலும் வனஸ்பதியோ மார்ஜரினோ இருக்கிறது. டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரி முதல் 2 சதவீத உச்சவரம்பு வந்த பிறகும் நிறைவுற்ற கொழுப்பு அங்கேதான் இருக்கிறது. அதற்கு மாற்றாக வீட்டுக் கால்சோன் சந்தேகமில்லாமல் மேல். கடைப் பீட்சாவுக்கு மாற்றாகவும் மேல். சப்பாத்தியும் கூட்டும் சாப்பிடுகிற வீட்டில் அவற்றைத் தள்ளிவிட்டு இதை வைத்தால் நஷ்டம்தான். அந்தத் தட்டில் காயும் பருப்பும் ஏற்கெனவே இதைவிடக் கூடுதலாக இருக்கின்றன.

வாரம் ஒரு மாலை செய்யுங்கள். ஒருவருக்கு மாவு 60 கிராம், வதக்கிய காய் 150 கிராம், சுண்டல் ஒரு கைப்பிடி, எண்ணெய் ஒரு தேக்கரண்டி, சீஸ் 20 கிராம். மொத்தம் ஏறத்தாழ 400 கலோரி. மாவு பிசையும் முன் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடுங்கள்.